ரசம் போன உள் மிரர்: பழைய கார் ஒன்றின் பின்பார்வைக் கண்ணாடியை மீட்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

1960களில் வந்த நான்கு கதவு செடான் அது. கொட்டகையில் துணி போர்த்தி வைக்கிற வண்டி இல்லை, வாரத்தில் சில நாட்கள் ரோட்டில் ஓடுகிற வண்டி, இரவிலும் ஓடும். உரிமையாளருக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. இன்ஜின், பிரேக், வயரிங் எல்லாம் முன்பே ஒழுங்காகச் செய்து முடித்திருந்தார். மிஞ்சியது உள்ளே முன்கண்ணாடிக்கு மேலே தொங்கும் மிரர்தான்.

அவர் சொன்ன குறைகள் மூன்று. கண்ணாடி மங்கிப்போய் ஓரமெல்லாம் கருத்துவிட்டது, வேகம் எடுத்தால் பிம்பம் நடுங்குகிறது, சரிசெய்து வைத்த கோணத்தில் நிற்காமல் தானாகத் தலை தொங்குகிறது. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்து, அந்தப் பழைய மிரர் மேலேயே அகலமான கிளிப் மிரர் ஒன்றை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். “இதைக் கழட்டிட்டு, பழசைப் புதுசு மாதிரி பளபளன்னு பண்ணிக் கொடுங்க, அது போதும்” என்பதுதான் அவர் எங்களிடம் வைத்த கோரிக்கை.

பளபளப்பு கடைசியில் வரவேண்டிய விஷயம். மிரர் என்பது ஓட்டுபவரின் கண்ணுக்கு வேலை செய்கிற ஒரு கருவி, அது என்ன வேலை செய்யும்படி செய்யப்பட்டது, இப்போது அதில் எது நின்றுபோயிருக்கிறது என்று தெரியாமல் எமரி பேப்பரைக் கையில் எடுக்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம். இந்த வண்டியில் அது எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியில் இருந்தபடியே பார்த்தது

முதலில் எதையும் கழற்றவில்லை. கிளிப் மிரரை மட்டும் எடுத்துவிட்டு, உரிமையாளரையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, அவர் கண் உயரத்திலிருந்து பின்கண்ணாடி எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தோம். நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பிம்பம் சுமாராக இருந்தது. கீழ் விளிம்பு நெடுகக் கருப்பு ஏறியிருந்தது, மேல் விளிம்பில் அவ்வளவு இல்லை. இந்த வித்தியாசத்தை அப்போதே குறித்துவைத்தது பின்னால் உதவியது. ரசம் வெறும் வயதால் போயிருந்தால் ஓரங்கள் எல்லாம் கொஞ்சம் சமமாகப் போயிருக்கும், கீழே மட்டும் அதிகமாகப் போயிருந்தால் ஏதோ ஈரம் வழிந்து அங்கே தங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கிளிப் மிரரை எடுத்ததும் அடியில் ஒரு சின்ன லீவர் தெரிந்தது. கிளிப் மிரரின் பிடிகள் இத்தனை நாள் அந்த லீவரை அமுக்கிப் பிடித்திருந்தன. உரிமையாளர் அதைப் பார்த்துவிட்டு, “ராத்திரிக்குன்னு தனியா ஒரு நிலை இருக்கா இதுல? அப்பா அதை இழுத்து நான் பார்த்ததே இல்லையே” என்றார்.

லீவர் இருக்கிறது என்பதற்காக உள்ளே சரியான கண்ணாடிதான் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது, யாராவது இடையில் மாற்றியிருக்கலாம். அதனால் கொட்டகையை இருட்டாக்கி, டார்ச் ஒளியை மிரரில் அடித்து, திருப்பி வரும் வெளிச்சத்தைச் சுவரில் பார்த்தோம். சாதாரணத் தட்டைக் கண்ணாடியாக இருந்தால் ரசத்திலிருந்து வரும் பளிச்சென்ற வட்டமும், முன்பரப்பிலிருந்து வரும் மங்கலான வட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், தனியாகப் பிரித்தே பார்க்க முடியாது. இங்கே இரண்டு வட்டங்கள் தெளிவாகத் தள்ளித் தள்ளி விழுந்தன. 2 மீட்டர் தூரத்துச் சுவரில் ஒன்றுக்கும் மற்றதற்கும் ஏறக்குறைய ஒரு அடி இடைவெளி. அப்படியென்றால் உள்ளே இருப்பது ஆப்பு வடிவக் கண்ணாடி, அதாவது ஒரு விளிம்பு தடிப்பாகவும் எதிர் விளிம்பு மெலிந்தும் இருக்கும் பட்டகம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. கண்ணாடியின் பின்பரப்பில் ரசம் இருக்கிறது, அது விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். ஆனால் ரசம் இல்லாத முன்பரப்பும் சும்மா இருப்பதில்லை, ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சத்தை அதுவும் திருப்பி அனுப்புகிறது. தட்டைக் கண்ணாடியில் இரண்டும் ஒரே திசையில் போவதால் அந்த 4 சதவீதம் கண்ணுக்கே தெரியாது. ஆப்புக் கண்ணாடியில் இரண்டு பரப்பும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருப்பதால் இரண்டு பிம்பமும் வெவ்வேறு திசையில் போகும். பகலில் ரசத்தின் பிம்பம் கண்ணுக்கு வரும். இரவில் லீவரைத் தட்டினால் கண்ணாடி சில டிகிரி சாய்ந்து, ரசத்தின் பிம்பம் கூரைப் பக்கம் போய்விடும், முன்பரப்பின் மங்கிய பிம்பம் கண்ணுக்கு வரும். பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், ஆனால் வண்டி இருப்பது தெரியும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, ஒரு துண்டுக் கண்ணாடியின் வடிவமே இவ்வளவையும் செய்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடும்.

அதிர்வு எங்கிருந்து வந்தது

பிம்பம் நடுங்குவதற்குக் காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம். மிரரின் கூட்டுக்கும் தண்டுக்கும் இடையே இருக்கும் பால் ஜாயின்ட் (குழிவுக்குள் பந்து உட்கார்ந்து திரும்பும் மூட்டு), தண்டு போய் மாட்டுகிற கிளிப், கிளிப்பைக் கூரையின் முன்பட்டைத் தகட்டில் பிடித்திருக்கும் திருகுகள். இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இடத்தையும் விரலால் அழுத்திப் பிடித்துப் பார்த்தோம். எதைப் பிடித்தால் நடுக்கம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. கூட்டைப் பிடித்தாலும் தண்டைப் பிடித்தாலும் கொஞ்சம்தான் குறைந்தது. அடித்தகட்டைக் கட்டைவிரலால் கூரையோடு சேர்த்து அழுத்தியபோது அப்படியே நின்றது.

திருகுகளைப் பார்த்தால் ஒன்று அசல், இன்னொன்று எப்போதோ மாற்றிப் போட்ட பெரிய திருகு. அசல் திருகு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, தகட்டில் மரை தேய்ந்து போயிருந்தது. மூலக் கோளாறு இதுதான்.

இதற்கு முன்னால் யாரோ இதைக் கவனிக்காமல் வேறு இடத்தில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். நடுக்கத்தை நிறுத்த, தண்டு மாட்டும் கிளிப்பில் எபாக்ஸிப் பசை ஊற்றி இறுக்கியிருந்தார்கள். அது ஆபத்தான வேலை. அந்தக் கிளிப் ஸ்பிரிங் வைத்து மாட்டும்படி இருப்பதற்கே காரணம், மோதலில் யாருடைய தலையாவது மிரரில் பட்டால் அது தெறித்து விழுந்துவிட வேண்டும் என்பதுதான். எபாக்ஸி போட்டு இறுக்கிவிட்டால் முகத்துக்கு நேரே ஒரு உலோகக் குச்சியை நிறுத்தி வைத்த மாதிரி.

பால் ஜாயின்டைத் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு. திருப்புவதற்குக் கடினமாக இருந்ததோ, கிறீச்சிட்டதோ, யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். கார் மிரரின் பால் ஜாயின்ட் வறண்ட உராய்வில்தான் நிற்கிறது, அங்கே எண்ணெய் போனால் பிடிப்பு போய்விடும். அதன்மேல் கிளிப் மிரரின் எடையும் ஏறியதால் தலை தொங்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு தேய்ந்த திருகு, அதை மறைக்க எபாக்ஸி, அப்புறம் எண்ணெய், மங்கலை மறைக்க இன்னொரு மிரர், அதன் பாரத்தால் புதுக் குறை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிந்திருக்கும்.

மிரர் ஆடுவது ஒன்றும் இன்றைய பிரச்சினை இல்லை. 1911இல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன், பக்கத்தில் மெக்கானிக் யாரையும் உட்கார வைக்காமல், பின்னால் பார்க்க ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டி ஜெயித்தார். செங்கல் பதித்த தடத்தில் அது குலுங்கிய குலுக்கலில் அதில் ஒன்றும் தெரியவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னதாகச் சொல்வார்கள். பிடிமானம் சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல கண்ணாடியும் வீண்தான்.

எடுத்த முடிவுகள்

உரிமையாளருடன் உட்கார்ந்து பேசினோம். அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. முழு மிரரையும் புதிதாகச் செய்த நகல் ஒன்றால் மாற்றுவது, உள்ளே தட்டைக் கண்ணாடி ஒன்றை வெட்டிப் போடுவது, வேறு பழைய மிரரிலிருந்து ஆப்புக் கண்ணாடியை எடுத்துப் போடுவது, இருக்கிற கண்ணாடிக்கே திரும்ப ரசம் பூசுவது.

தட்டைக் கண்ணாடிதான் எல்லாவற்றிலும் சுலபம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். 3 மி.மீ. மிரர் கண்ணாடியை அளவுக்கு வெட்டி உள்ளே வைத்துவிட்டால் பகலில் பிரமாதமாக இருக்கும். ஆனால் லீவரைத் தட்டினால் இரண்டு பிம்பமும் ஒன்றாகக் கூரைப் பக்கம் போய்விடும், ஓட்டுபவருக்குத் தெரிவது கூரைத் துணி மட்டும்தான். லீவர் ஒரு அலங்காரமாகிவிடும். இரவில் ஓடாத வண்டி என்றால் நான் இதற்குக் குறுக்கே நிற்க மாட்டேன், இது இரவில் ஓடுகிற வண்டி. வேறு மிரரின் ஆப்புக் கண்ணாடியை வெட்டிப் போடலாம் என்றால், தடிப்பு இடத்துக்கு இடம் மாறுகிற கண்ணாடி வெட்டும்போது கோட்டில் உடையும் என்று நம்ப முடியாது, சாய்வுக் கோணமும் இந்த லீவருக்குப் பொருந்த வேண்டும். நகல் மிரரில் லீவர் இல்லை, தண்டின் வளைவும் வேறு.

ஆக, இருக்கிற கண்ணாடிக்கே ரசம் பூசுவது என்று முடிவானது.

அடுத்த கேள்வி விளிம்பின் குரோம். கண்ணாடியைச் சுற்றி இருக்கும் எஃகு விளிம்பு, கண்ணாடியின் ஓரத்தின்மேல் மடித்து அழுத்தப்பட்டிருக்கிறது. கண்ணாடியை எடுக்க வேண்டும் என்றால் அந்த மடிப்பைத் திறக்க வேண்டும், வைத்த பிறகு திரும்ப மடிக்க வேண்டும். திறந்திருக்கும்போது புது குரோம் பூசிவிடலாமே என்று உரிமையாளர் கேட்டார், எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் குரோம் படலம் கெட்டியானது, வளையாதது. பூசிய பிறகு மடித்தால் மடிப்பு நெடுக நுண்ணிய வெடிப்பு விழும், அந்த வெடிப்பு வழியாகத்தான் துரு உள்ளே போகும். மடித்த பிறகு பூசலாம் என்றால் கண்ணாடி உள்ளே இருக்கும்போது அதை முலாம் தொட்டியில் இறக்கவே முடியாது. அதனால் இருக்கிற குரோமைச் சுத்தம் செய்து காப்பாற்றுவது, அங்கங்கே இருக்கும் புள்ளிகளை அப்படியே விடுவது என்று சொன்னோம். அவர் கொஞ்சம் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார்.

தண்டு துத்தநாகக் கலவையில் வார்த்தது. அதில் குரோமுக்கு அடியில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன, பழைய துத்தநாக வார்ப்புகளில் அடிக்கடி காண்பதுதான். அதைத் திரும்ப முலாம் பூச வேண்டும் என்றால் பழைய படலத்தை நீக்கி, குழிகளைத் தேய்த்தோ அடைத்தோ, முதலில் செம்பு, பிறகு நிக்கல், பிறகு குரோம் என்று போக வேண்டும். துத்தநாகத்தை அமிலம் அரித்துவிடும், கை தெரியாதவரிடம் கொடுத்தால் தண்டு மெலிந்து திரும்பி வரும். கிளிப்பில் மாட்டும் முனையின் அளவு கொஞ்சம் குறைந்தாலும் பிடிப்பு கெட்டுவிடும் என்பதால் தண்டையும் தொடவில்லை.

பிரித்தபோது

எபாக்ஸியில்தான் தொடங்கினோம். கிளிப்பையும் தண்டையும் கொதிக்கும் வெந்நீரில் வைத்ததும் எபாக்ஸி இளகி, மரக்குச்சியால் சுரண்ட வந்துவிட்டது. தண்டின் துத்தநாகக் கலவை 380 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்பதால் தீ ஜுவாலை பக்கமே போகவில்லை.

கூட்டைத் திறக்கும் முன் கண்ணாடியின் முன்பரப்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டோம். இது சின்ன வேலையாகத் தெரியும். கண்ணாடியைத் தலைகீழாக வைத்துவிட்டால் பகலில் ஒரு வித்தியாசமும் தெரியாது, இரவில் லீவரைத் தட்டும்போது மங்கல் பிம்பம் எதிர்த்திசையில் போய்விடும், கண்ணுக்கு எதுவுமே வராது. அப்போது மடிப்பைத் திரும்பத் திறக்க வேண்டும், பழைய எஃகு விளிம்பு இரண்டாம் தடவை மடக்கி நிமிர்த்துவதைத் தாங்குமா என்பது சந்தேகம்.

மடிப்பைத் திறந்தது நைலான் நெம்புகோலால். ஹேர் டிரையர் காட்டி இளஞ்சூடாக்கி, ஒரே இடத்தில் நிமிர்த்தாமல், சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினோம். மூலைகளைத் தொடவே இல்லை, இரண்டு நீளப் பக்கங்களில் ஒன்றை மட்டும் திறந்து கண்ணாடியைச் சாய்த்து எடுத்தோம்.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கம்பளித்தாள் மெத்தை இருந்தது. அதன் மேல்பாதி வெளிறிய பழுப்பு, கீழ்பாதி கருப்பேறி, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தது. கண்ணாடியின் கீழ் விளிம்பில் ரசம் போயிருந்த கோடும் மெத்தையில் கறை ஏறியிருந்த கோடும் அப்படியே ஒன்றோடொன்று பொருந்தின. உரிமையாளரிடம் எப்படித் துடைப்பீர்கள் என்று கேட்டோம். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை நேராக மிரர்மேல் அடித்துத் துணியால் துடைப்பாராம், அப்பாவும் அப்படித்தானாம். அது வழிந்து கீழ் விளிம்பின் மடிப்புக்குள் இறங்கி, மெத்தை அதை உறிஞ்சி, மாதக்கணக்கில் ரசத்தோடு ஒட்டவைத்திருக்கிறது. அம்மோனியா கலந்த திரவங்கள் பின்பூச்சையும் அதற்கடியில் இருக்கும் செம்பையும் அரிக்கும், அதற்குப் பிறகு வெள்ளி தாக்குப்பிடிக்காது.

கண்ணாடியை வெர்னியரில் அளந்தோம். தடித்த விளிம்பு 5.6 மி.மீ., மெலிந்த விளிம்பு 2.9, உயரம் 52. கணக்குப் போட்டால் இரண்டு பரப்புக்கும் இடையே சாய்வு ஏறக்குறைய 3 டிகிரி. சுவரில் பார்த்த ஒரு அடி இடைவெளியோடு இது ஒத்துப்போனது. மெத்தையின் நசுங்கிய தடிப்பையும் நல்ல இடம் ஒன்றில் அளந்து வைத்துக்கொண்டோம்.

ரசம் பூசிய கட்டம்

இதை நாங்கள் செய்யவில்லை, இதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தோம். வீட்டிலேயே செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் காட்டிய வழிதான் இன்றைய முறைக்கும் அடிப்படை: அம்மோனியா சேர்த்த வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சர்க்கரை போன்ற ஒன்றோடு சேர்த்தால் வெள்ளி பிரிந்து கண்ணாடியில் படியும். பார்ப்பதற்கு எளிது. ஆனால் அந்தக் கரைசலை மிச்சம் வைத்துப் பாட்டிலில் மூடிவிட்டால், நாள்போக்கில் வெடிக்கக்கூடிய பொருள் அதில் உருவாகும். கலந்தவுடன் பயன்படுத்தி, மிச்சத்தை உடனே நடுநிலையாக்கி அப்புறப்படுத்தத் தெரிந்தவர்தான் இதைச் செய்யலாம்.

பழைய பின்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்தோம், அவருக்கும் அது தெரிந்திருந்தது. பெயின்ட் நீக்கியால் ஈரமாகவே எடுத்தார். மிஞ்சிய செம்பையும் வெள்ளியையும் நீர்த்த நைட்ரிக் அமிலம் கரைத்தது. பின்பரப்பை மட்டும் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியால் மெதுவாகத் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, வெள்ளி நன்றாகப் பிடிக்க ஸ்டானஸ் குளோரைடு கரைசல் காட்டி, அதன் பிறகு வெள்ளி. படியும் வெள்ளி ஒரு மைக்ரானில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், அதனால்தான் கீழே ஒரு கைரேகை இருந்தால்கூட அது பிம்பத்தில் தெரியும்.

முதல் பூச்சில் அப்படித்தான் ஆனது. தடித்த விளிம்புக்குப் பக்கத்தில் பிறை வடிவில் ஒரு வெளிறல். பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் தெரியாது, கருப்புத் துணியைப் பிரதிபலிக்க வைத்துச் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கரைத்துவிட்டுத் திரும்பப் பூசினார். இரண்டாவது சுத்தமாக வந்தது. அதன்மேல் செம்பு, அதன்மேல் பின்பூச்சு. பூச்சு கண்ணாடியின் ஓரத்திலும் ஒரு நூல் அளவு இறங்கி மூடும்படி கேட்டுக்கொண்டோம், பழைய பூச்சு விளிம்போடு நின்றுவிட்டதுதான் ஈரத்துக்கு வழிவிட்டது.

முன்பரப்பில் சில கீறல்கள் இருந்தன. இரவுப் பிம்பம் முழுக்க முன்பரப்பிலிருந்துதான் வருகிறது, அதை அழுத்தித் தேய்த்து அலை அலையாக்கிவிட்டால் இரவில் வரும் விளக்குகள் எல்லாம் நெளியும் என்பதால் கீறல்களை விட்டுவிட்டோம்.

தண்டு, பால் ஜாயின்ட், லீவர்

பால் ஜாயின்டைப் பிரித்து எண்ணெயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி எடுத்தோம். பந்து எஃகு, அது உட்காரும் குழிவு இரண்டு பாதி. ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது. பந்தில் எண்ணெய் மெழுகாகி மினுமினுத்த இடத்தை மட்டும் மெல்லிய எமரி பேப்பரால் ஒரு தடவல், அவ்வளவுதான். திருகை, மிரர் தன் எடையைத் தானே தாங்கும் அளவுக்கு மேல் இன்னும் கொஞ்சம் என்ற கணக்கில் இறுக்கினோம்.

லீவரின் இரண்டு நிலைகளையும் பிடிக்கும் சின்னத் தகட்டு ஸ்பிரிங், கிளிப் மிரரின் அழுத்தத்தில் வளைந்து கிடந்தது. அதே தடிப்பு ஸ்பிரிங் எஃகில் புதிது ஒன்று செய்து போட்டோம். விளிம்பின் குரோமில் இருந்த துருவை நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தோம். அலுமினியம் குரோமைவிட மென்மை என்பதால் கீறாது. அப்புறம் மெழுகு.

மூடியதும் மாட்டியதும்

மெத்தைக்குப் பதில் ஈரம் உறிஞ்சாத பாலிஎதிலீன் நுரைத்தாள் போட்டோம். இங்கே தடிப்புதான் எல்லாம். தடிப்பு கூடினால் மடிக்கும்போது கண்ணாடி அழுத்தத்தில் நிற்கும், குறைந்தால் உள்ளே ஆடும். வெயிலில் உலோகம் விரிந்து கண்ணாடியை உடைக்கும் என்று சிலர் பயப்படுவார்கள். 200 மி.மீ. நீளத்துக்கு 50 டிகிரி சூடு ஏறினால் எஃகுக்கும் கண்ணாடிக்கும் விரிவில் வரும் வித்தியாசம் ஏறக்குறைய 0.03 மி.மீ. மட்டுமே. பழைய மிரர்கள் மூலையில் விரிசல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மடிப்பு ஓரிடத்தில் மட்டும் கவ்வுவதுதான். அதனால் மூடும்போதும் சுற்றிச் சுற்றியே வந்தோம்.

கீழ் விளிம்பில் ஈரம் இறங்காமல் இருக்க மெல்லிய கோடாக சிலிக்கோன் பசை இட்டோம், நியூட்ரல் வகை. வினிகர் வாடை வரும் சாதாரண சிலிக்கோன் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடும், புது ரசத்துக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது.

கூரையில், முன்பட்டைத் தகட்டுக்குப் பின்னால் ஒரு சிறு எஃகுப் பட்டையில் மரை வெட்டி நுழைத்தோம். கூரைத் துணியின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது. இப்போது இரண்டு திருகும் மெல்லிய தகட்டைக் கடிக்காமல் பட்டையைக் கடிக்கின்றன. கிளிப்பை மாட்டி, கையால் பக்கவாட்டில் வேகமாகத் தள்ளிப் பார்த்தோம். தெறித்து வந்தது, திரும்ப மாட்டினால் நின்றது.

பிறகு நடந்தது

பகல் பிம்பம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தெளிவாக இருக்கிறது. இரவில் உரிமையாளர் ஓட்ட, பின்னால் இன்னொரு வண்டி ஹை பீமில் வந்தது. லீவரைத் தட்டியதும் அவர் முதலில் மிரர் அணைந்துவிட்டது என்று நினைத்தார், ஒரு கணம் கழித்துத்தான் இரண்டு மங்கிய விளக்குகள் அவர் கண்ணுக்குப் பிடிபட்டன. முதல் சில நாட்கள் இது இருட்டாக இருக்கிறது என்று குறைப்பட்டார், பழகிய பிறகு அந்தப் பேச்சு இல்லை.

நடுக்கம் ஓட்டத்தில் நின்றுவிட்டது, ஆனால் இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது லேசாக இருந்தது. அடித்தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய ரப்பர் மெத்தை எப்போதோ காணாமல் போயிருந்தது பிறகுதான் பிடிபட்டது. அதே வடிவில் ஒன்று வெட்டிப் போட்டதும் அதுவும் போயிற்று.

கிளிப் மிரர் திரும்ப ஏறவில்லை. அது குவிந்த கண்ணாடி, அகலமாகக் காட்டும், ஆனால் பின்னால் வரும் வண்டியை இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தோன்ற வைக்கும். அந்தப் பழக்கத்திலிருந்து தட்டைப் பிம்பத்துக்கு மாறியபோது எல்லா வண்டியும் ரொம்பக் கிட்டே வருகிற மாதிரி இருக்கிறது என்றார். அதையும் முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு வண்டி வேறு வேலைக்கு வந்தபோது டார்ச் வைத்துப் பார்த்தோம். கீழ் விளிம்பு சுத்தம். குரோமில் பழைய புள்ளிகள் அப்படியே இருந்தன, பெரிதாகவில்லை. உரிமையாளர் இப்போது திரவத்தைத் துணியில் அடித்துத் துடைக்கிறார்.

அடுத்த முறை எதை மாற்றுவோம்

டார்ச் சோதனையை இனி வேலையைப் பற்றிப் பேசும் முன்பே செய்வோம். உள்ளே ஆப்புக் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் உரிமையாளரிடம் வழிகளை அடுக்குவதில் பொருளில்லை. எப்படித் துடைப்பீர்கள் என்ற கேள்வியும் முதல் நாளுக்கே போய்விட்டது.

ரப்பர் மெத்தை இருந்த தடயம் அடித்தகட்டின் பெயின்டில் தெளிவாகவே இருந்தது. மாட்டும் இடத்தில் படிந்த அச்சுகளைப் படம் பிடித்து வைப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம். ஐடிலில் அதிர்வைத் தனியாகவும் ஓட்டத்தில் தனியாகவும் குறிக்க வேண்டும், இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

விளிம்பைப் பற்றி இன்னும் யோசிக்கிறோம். துரு ஆழமாக இறங்கிய விளிம்பாக இருந்திருந்தால் இந்த முடிவு பலித்திருக்காது. அப்படி ஒன்று வந்தால் குரோமுக்குப் பதில், மடித்த பிறகு விளிம்பின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் நிக்கலைத் தூரிகை முறையில் ஏற்றிப் பார்க்கலாம் என்று முலாம் பூசுபவர் ஒருவர் சொல்கிறார். முதலில் ஒரு உதிரி விளிம்பில் செய்து பார்த்துவிட்டுத்தான் கண்ணாடி உள்ள மிரரில் கை வைப்போம்.

தண்டின் கிளிப்பைக் கையால் தள்ளிப் பார்ப்பதை எல்லா வண்டிக்கும் பொதுவான சோதனையாகச் சேர்த்தாகிவிட்டது. மிரரைத் தவிர வேறு எதற்கு வந்த வண்டியாக இருந்தாலும் சரி, அங்கே எபாக்ஸியோ வெல்டிங்கோ இருந்தால் உரிமையாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுகிறோம்.